விளையாட்டுக்குள் கிடக்கும் காகிதங்கள்: வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம்களில் கதையை நகர்த்துவதற்குக் கட்டாயம் தேவைப்படாத கடிதங்களும் நாட்குறிப்புகளும் நூல்களும் ஒலிப்பதிவுகளும் அலமாரிகளிலும் மேசைகளிலும் இறந்தவர்களின் அருகிலும் வைக்கப்பட்டிருப்பதைப் பற்றிக் கேட்ட வாசகர் ஒருவருக்கு, ‘படிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்’ என்று சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தோம். அந்தப் பதில் போதாது என்று கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழின் பகுதி முழுவதையும் ஒதுக்குகிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வீடு திரும்பிய பிறகு விளையாடுவதற்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். ‘ஸ்கைரிம்’, ‘விட்சர் 3’ போன்ற கேம்களில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நான்கு புத்தகங்கள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் படித்தால் கதை நகர்வதில்லை. படிக்காமல் போனால் பாதி கேமை விட்டுவிட்டதுபோல் மனம் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. அவற்றை வைத்தவர்களும் ஒரே ஆள் அனைத்தையும் படித்து முடிப்பார் என்று நினைத்து வைக்கவில்லை. ஆனால் எதைப் படிப்பது, எதை விடுவது என்பதை உங்கள் களைப்பு தீர்மானிக்க வேண்டாம். அந்தக் காகிதத்தை யார், யாருக்காக எழுதினார் என்று பார்த்துத் தீர்மானித்தால் அந்த ஒன்றரை மணி நேரம் வீணாகாது.

இந்தக் காகிதங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அந்தக் கற்பனை உலகத்தில் வாழும் ஒருவர் தம் சொந்தத் தேவைக்காக எழுதியது: சமையற்காரரின் சாமான் பட்டியல், காவலாளி மேலதிகாரிக்கு எழுதிய புகார், மகளுக்கு எழுதி அனுப்பாமலே போன கடிதம் ஆகியவை இதில் சேரும். மற்றொன்று, கேமின் எழுத்தாளர் அந்த உலகத்தின் ஆயிரமாண்டு வரலாற்றை நமக்குப் பாடமாகச் சொல்லிவிட்டு, கீழே யாரோ ஒரு பண்டிதரின் பெயரைப் போட்டு வைத்தது. முதல் வகையைத் தவறவிட்டால் உண்மையிலேயே இழப்பு உண்டு. இரண்டாம் வகையை, அரச வம்சங்களின் பெயர்ப் பட்டியலில் உங்களுக்கு இயல்பாகவே ஆர்வம் இருந்தாலொழிய, தயங்காமல் மூடிவிடலாம்.

முதல் வகைக்கு இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது, 1996-இல் வெளிவந்த முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமில் ஒரு மாளிகையின் படுக்கையறையில் கிடக்கும் விலங்குப் பராமரிப்பாளரின் நாட்குறிப்பு. 1998 மே 9 என்று தேதியிட்ட அதன் முதல் பதிவில், இரவில் சக ஊழியர்களுடன் சீட்டாடியதையும், அவர்களில் ஒருவன் ஏமாற்றி வென்றிருப்பான் என்ற சந்தேகத்தையும் தவிர வேறொன்றும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் புதிதாக வந்த ஒரு விலங்குக்கு உணவிடுகிறான், ஆய்வுக்கூடத்தில் விபத்து நடந்ததாகக் கேள்விப்படுகிறான், அவன் தோல் அரிக்கத் தொடங்குகிறது, வாக்கியங்கள் குட்டையாகின்றன, கடைசிப் பதிவில் அரிப்பையும் ருசியையும் குறிக்கும் இரண்டு சொற்களே மிஞ்சுகின்றன. நோயைப் பற்றி அவன் ஒரு வரிகூட விளக்கவில்லை, ஏனென்றால் அவனுக்கே அது தெரியாது. அவன் எழுத்து கெடுவதுதான் நமக்கு விளக்கம். அதே அறையின் அலமாரிக்குள்ளிருந்து ஒரு ஸோம்பி, அதாவது நோயால் நடைபிணமாகிவிட்ட மனிதன், வெளியே வருகிறது. படிக்காதவருக்கு அது சுட வேண்டிய இன்னொரு உருவம். படித்தவருக்கோ, அது சீட்டாடிய அந்த ஆளாக இருக்குமோ என்ற எண்ணம் வராமல் இருக்காது.

இந்த உத்தி பரவிய காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 1994-இல் ‘சிஸ்டம் ஷாக்’ கேமை உருவாக்கியபோது, திரையில் வரும் பட்டியலிலிருந்து வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துக் கதாபாத்திரங்களுடன் உரையாடும் அன்றைய முறையில் அதன் வடிவமைப்பாளர்களுக்கு மனநிறைவு இல்லை. ஆகவே விண்வெளி நிலையத்தின் ஊழியர்கள் ஏறக்குறைய எல்லாரும் இறந்துவிட்டதாகக் கதையை அமைத்து, அவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளின் வழியாகவே நடந்ததைச் சொன்னார்கள். 2007-இல் வந்த ‘பயோஷாக்’ அதையே கடலடி நகரம் ஒன்றில் இன்னும் விரிவாகச் செய்தது. சாகும் தறுவாயிலும் ஒலிப்பதிவுக் கருவியைத் தேடி எடுத்துப் பேசும் பழக்கம் அந்நகரத்தாருக்கு எப்படி வந்தது என்று மட்டும் நாம் கேட்கக் கூடாது.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கேம்களுக்கு வருவோம். 2011-இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ கேமில் 18 திறன்களுக்குத் தலா 5 திறன்நூல்கள் உள்ளன. அவற்றைத் திறந்த உடனேயே அந்தத் திறன் ஒரு புள்ளி கூடிவிடும், ஒரு வரியும் படிக்க வேண்டியதில்லை. இது படிப்பவருக்குத் தரும் பரிசன்று, திறப்பவருக்குத் தரும் கைக்கூலி. ஆகவே திறந்து மூடிவிட்டுப் போவதில் உங்களுக்கு உறுத்தல் தேவையில்லை. அரக்கர் வேட்டைக்காரனாக நாம் விளையாடும் ‘விட்சர் 3’ கேமில் அரக்கர்களைப் பற்றிய குறிப்புகளைப் படிப்பது நேரடியாகவே உதவும், ஏனென்றால் எந்த எண்ணெயை வாளில் தடவினால் எந்த அரக்கன் எளிதில் விழுவான் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். இதே தொடரின் 2007-ஆம் ஆண்டு முதல் கேம் இன்னும் கண்டிப்பானது: ஓர் அரக்கனைப் பற்றிய நூலைப் படித்தோ பிறரிடம் கேட்டோ அறிந்திராவிட்டால், அதைக் கொன்ற பிறகும் அதன் உடலிலிருந்து மருந்துக்கான பொருட்களை எடுக்க முடியாது. வேட்டைக்காரன் படித்திருக்க வேண்டும் என்பதை அந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது.

களைத்து வந்த இரவுகளில் ஒரு வழியைக் கடைப்பிடிக்கலாம். காகிதம் எங்கே கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். நூலக அடுக்கில் வரிசையாக நிற்பதைவிட, சமையல் அடுப்பருகிலோ பூட்டிய அறையின் தரையிலோ தனியாகக் கிடப்பது பெரும்பாலும் முதல் வகையாக இருக்கும். பிறகு மூன்று வரி படியுங்கள். அதற்குள் எழுதியவர் யாரென்று புலப்படாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இடத்தையும் காகிதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு 2013-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமில் வரும் இஷ் என்பவனின் குறிப்புகள் நல்ல சான்று. கரையொதுங்கிய ஒரு படகில் முதல் குறிப்பு கிடைக்கிறது. நோய்க்கு அஞ்சிக் கடலில் தனியாக வாழ்ந்தவன் கரைக்கு வந்திருக்கிறான். அருகிலுள்ள கழிவுநீர்ச் சுரங்கத்தில் அவன் மற்றவர்களைச் சேர்த்து ஒரு சிறு குடியிருப்பை அமைத்ததையும், அங்கே குழந்தைகள் இருந்ததையும், பிறகு ஒருநாள் ஒரு கதவு திறந்து கிடந்ததையும் அடுத்த குறிப்புகளும் சுவர்களில் உள்ள கிறுக்கல்களும் சொல்கின்றன. இஷ் நம் கண்முன் ஒருமுறைகூட வருவதில்லை. கேமின் முதன்மைக் கதைக்கு அவன் தேவையும் இல்லை. ஆயினும் அந்தக் கேமை விளையாடியவர்களிடம் கேட்டால், பக்கத்தில் நின்று பேசிய பல கதாபாத்திரங்களைவிட அவனை நன்றாக நினைவு வைத்திருப்பார்கள்.

கேள்வி: என் மகன் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் பயில்கிறான். புத்தகம் எடுத்துக் கொடுத்தால் பத்து நிமிடம்கூட உட்காருவதில்லை என்று அவன் ஆசிரியர் வருந்துகிறார். ஆனால் கேமை நிறுத்திவைத்துவிட்டுத் திரையில் உள்ள ஏதோ கடிதங்களை நெடுநேரம் படித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறேன். இதை வாசிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?
ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எடுத்துக்கொள்ளலாம், அம்மா. யாரும் கட்டாயப்படுத்தாமல், மதிப்பெண்ணும் இல்லாமல், நிறுத்திவைத்துப் படிக்கிறான் என்றால் அது வாசிப்புதான்; அதுவும் எளிதான வாசிப்பன்று. வெவ்வேறு ஆட்கள் எழுதிய, வரிசை கலைந்த, சில இடங்களில் பொய்யும் கலந்த துண்டுகளை அவன் தன் மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் பேசும் பிள்ளைக்குப் பாடநூலில் வராத சொற்களும் அங்கே கிடைக்கின்றன.

முழுவதும் புரியாமல் படிப்பதில் கெடுதல் இல்லை என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு சான்று உண்டு. ‘டார்க் சோல்ஸ்’, ‘எல்டன் ரிங்’ ஆகிய கேம்களை இயக்கிய ஜப்பானியர் ஹிதெடாகா மியாசாகி, சிறுவயதில் தம் வயதுக்கு மீறிய நூல்களை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்ததாகவும், புரியாத பகுதிகளைப் படங்களின் துணையுடன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகவும் பேட்டியில் கூறியிருக்கிறார். கதையை விடுபட்ட துண்டுகளாகவே தரும் அவருடைய கேம்களின் பாணி அங்கிருந்து வந்ததுதான்.

ஆயினும் ஆசிரியர் சொல்வதும் தவறில்லை. இந்தக் காகிதங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மேல் போவதில்லை. இருநூறு பக்கம் ஒரே எண்ணத்தைப் பின்தொடரும் பொறுமையை அவை கற்றுத்தருவதில்லை, எழுதவும் பழக்குவதில்லை. ஆகவே இது புத்தகத்துக்கு மாற்றாகிவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். மாறாக, அவன் படித்ததை உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘இதை எழுதியது யார்? அவர் சொல்வதை நீ நம்புகிறாயா?’ என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவனே பேசுவான். பரீட்சைபோல் ஆக்கிவிட்டீர்களானால் அடுத்த முறை நீங்கள் அறைக்குள் வந்ததும் பக்கத்தை மூடிவிடுவான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்ன ‘ரெசிடென்ட் ஈவில்’, ‘பயோஷாக்’, ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஆகிய மூன்றும் அமெரிக்கத் தர அமைப்பால் 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்று வகைப்படுத்தப்பட்டவை. உங்கள் மகன் வயதுக்கு 2019-இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ பொருத்தமாக இருக்கும். 22 நிமிடங்களுக்கு ஒருமுறை காலம் தொடக்கத்துக்கே திரும்பிவிடும் ஒரு சூரியக் குடும்பத்தில், அழிந்துபோன ஓர் இனம் சுவர்களில் எழுதி வைத்த உரையாடல்களைத் தேடிப் படிப்பதுதான் அங்கே முன்னேற்றம். ஆயுதம் சேர்ப்பதும் இல்லை, பலம் கூடுவதும் இல்லை. நேற்று தெரியாதது இன்று தெரியும் என்பதால் மட்டுமே அடுத்த கதவைத் திறக்க முடிகிறது.

கேள்வி: எல்லா ஆவணங்களையும் சேகரித்தால் டிராஃபி என்ற சாதனைச் சின்னம் கிடைக்கும் என்பதால் ஒன்றுவிடாமல் எடுக்கிறேன், ஆனால் ஒன்றையும் படிப்பதில்லை. இது பாவமா?
வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பாவமில்லை. டிராஃபி கேட்டது அவ்வளவுதான். எடுத்த காகிதம் பட்டியலில்தான் இருக்கும். என்றாவது மழைநாளில் திறந்து பாருங்கள், ஆனால் அப்போது அது கிடந்த அறை உங்கள் கண்முன் இருக்காது.

கேள்வி: பல்கலைக்கழக மாணவி நான். என் தோழிகள் கேமுக்குள் எதையும் படிக்காமல், முடித்த பிறகு யூடியூபில் ‘லோர்’ எனப்படும் பின்னணிக் கதையின் விளக்கக் காணொளிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாற்பது நிமிடத்தில் முழுக் கதையும் புரிந்துவிடும்போது தேடித் தேடிப் படிப்பது நேர விரயம் என்பது அவர்கள் வாதம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: அந்தக் காணொளிகளைச் செய்பவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ‘டார்க் சோல்ஸ்’ போன்ற கேமில் ஒரு மோதிரத்தின் விவரக்குறிப்பில் இரண்டு வரி, ஒரு கேடயத்தின் குறிப்பில் மூன்று வரி என்று சிதறிக் கிடப்பதைச் சேர்த்துக் கோப்பது சாதாரண வேலையன்று. உங்கள் தோழிகளுக்கு வேண்டியது கதைச் சுருக்கம் என்றால் அது அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் காணொளி ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும்; காகிதங்களுக்கு அந்தக் கடமை இல்லை. 2002-இல் வெளிவந்த ‘மாரோவிண்ட்’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நெரவார் என்ற பழைய தலைவன் எப்படி இறந்தான் என்பதற்குக் கோயில் தரும் வரலாறு ஒன்று, கோயிலை எதிர்த்துப் பிரிந்த குருமார் மறைத்து வைத்திருக்கும் வரலாறு வேறொன்று. அவனுடைய நண்பனாக இருந்து பின்னர் கடவுளாக வணங்கப்படும் விவெக், 36 போதனைகளாகத் தன் புகழைத் தானே எழுதி வைத்திருக்கிறான். அவை நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தனித்தனி நூல்களாகக் கிடக்கின்றன. 29-ஆம் போதனையில் பொருளற்றவைபோல் வரும் எண்களைக் கொண்டு ஒவ்வொரு போதனையிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்துச் சேர்த்தால், தான் பிறவிக் கடவுள் அல்லன், தெய்வத்தன்மையைத் திருடினேன், நெரவாரைக் கொன்றது நானே என்ற ஒப்புதல் வாக்குமூலம் வருகிறது. கடைசிப் போதனையின் பத்தி முதலெழுத்துகளும் கொலையைத்தான் குறிக்கின்றன. கேமுக்குள் அதே விவெக்கை நேரில் சந்தித்துக் கேட்டால் அவன் அப்படி ஒத்துக்கொள்வதில்லை.

இதை நான் இங்கே ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன், காணொளியும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் கோயிலின் வரலாற்றை முதலில் படித்து நம்பி, பத்து மணி நேரம் கழித்து மறைத்து வைக்கப்பட்ட மற்றொன்றைப் படித்து, எதை நம்புவது என்று தெரியாமல் அந்தக் கோயில் வாசலிலேயே நிற்பது வேறு அனுபவம். சந்தேகப்படும் வேலையை நமக்காக இன்னொருவர் செய்து முடித்த பிறகு, தகவல் மட்டுமே நம்மிடம் வந்து சேர்கிறது.

கேமுக்கு வெளியே போய்த்தான் படிக்க வேண்டும் என்று உருவாக்கியவர்களே வைத்துவிட்டால் உங்கள் தோழிகளின் பக்கம் நியாயம் சேர்ந்துவிடும். 2014-இல் வந்த ‘டெஸ்டினி’ அப்படித்தான் செய்தது: அதன் வரலாற்றுக் குறிப்புகளை விளையாடித்தான் பெற வேண்டும், ஆனால் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோதான் படிக்க முடியும். விளையாடியவர்கள் கசந்துகொண்டதில் வியப்பில்லை. அடுத்த கேமில் அந்த முறை கைவிடப்பட்டது. 2018-இன் ‘ஃபோர்சேக்கன்’ விரிவாக்கத்தில்தான் குறிப்புகள் கேமுக்குள்ளேயே வந்து சேர்ந்தன.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பேரனுடன் சேர்ந்து விளையாடத் தொடங்கி, இப்போது அவனைவிட எனக்கே ஆர்வம் மிகுந்துவிட்டது. ஆனால் தொலைக்காட்சியில் வரும் கடித எழுத்துகள் எறும்பு வரிசைபோல் இருக்கின்றன. என்ன வழி?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: குறை உங்கள் கண்ணில் மட்டும் இல்லை, ஐயா. மேசைக்கு முன் அமர்ந்து கணினித் திரையில் பார்த்து வடிவமைத்த எழுத்தை, கூடத்தில் எட்டடி தள்ளி அமர்ந்திருப்பவர் படிக்க வேண்டியிருக்கிறது. 2018-இல் ‘காட் ஆஃப் வார்’ வெளிவந்தபோது இதே குறையைப் பலர் சொன்னதால், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி பின்னர் புதுப்பிப்பில் சேர்க்கப்பட்டது. ஆகவே கேமைப் புதுப்பித்துவிட்டு, அமைப்புகளில் எழுத்தளவு பற்றிய பகுதி இருக்கிறதா என்று முதலில் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். கேமுக்குள் இல்லாவிட்டாலும் கருவியில் இருக்கும்: பிளேஸ்டேஷனின் அணுகல்தன்மை அமைப்புகளில் திரையைப் பெரிதாக்கும் வசதி உண்டு, விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் கூட்டல் விசையை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும்.

குரலில் கேட்கக்கூடிய கேம்களைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழி. ‘பயோஷாக்’ கேமின் பதிவுகள் எல்லாம் குரலில் உள்ளவை, நடந்துகொண்டே கேட்கலாம். 2007-இன் ‘மாஸ் எஃபெக்ட்’ கேமில் முதன்மைக் குறிப்புகளை ஒருவர் வாசித்துக் காட்டுவார். இடைக்காலக் கையெழுத்து வடிவங்களிலேயே முழு உரையாடலையும் காட்டும் 2022-இன் ‘பென்டிமென்ட்’ கேமில்கூட, எளிதில் படிக்கக்கூடிய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ள இடமிருக்கிறது. அங்கே கையெழுத்தைப் பார்த்தே எழுதியவரின் கல்வி தெரியும் என்பதால், முதலில் சிறிது நேரம் மாற்றாமல் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய கேம் செய்துகொண்டிருக்கிறோம். ஜப்பானியர் காலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுதான் களம். லயத்து வீடுகளிலும் தோட்ட அலுவலகத்திலும் விளையாடுபவர் கண்டெடுத்துப் படிக்கும் காகிதங்களை எழுதும் பொறுப்பு எனக்கு. வரலாற்றை எழுதினால் பாடநூல்போல் ஆகிவிடுகிறது. எப்படி எழுதுவது?
வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: வரலாற்றை எழுதாதீர்கள், செக்ரோலை எழுதுங்கள். தோட்டத்தில் தினமும் எழுதப்பட்ட காகிதம் அதுதான். காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு என்ன வேலை என்று தோட்ட எழுத்தரான கிராணி குறித்து வைத்தது. அவர் அதை நமக்காக எழுதவில்லை, சம்பளக் கணக்குக்காக எழுதினார். அந்த அக்கறையின்மைதான் உங்களுக்குப் பலம்.

ஒரு செக்ரோலின் நான்கு பக்கங்களை நினைத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஆண்டு 1941. எல்லாருடைய பெயருக்கு எதிரிலும் பால் வெட்டு, அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் வேலை. இரண்டாம் பக்கத்தில் ஆண்டு 2602 என்று இருக்கிறது. ஜப்பானியர் தங்கள் பேரரசு ஆண்டுக் கணக்கையே மலாயாவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதும், 2602 என்பது 1942 என்பதும் தெரியாமல் விளையாடுபவர் சற்று குழம்புவார். குழம்பட்டும், விளக்கக் குறிப்புப் போடாதீர்கள். வேலைப் பத்தியில் பால் வெட்டு குறைந்து மரவள்ளி வந்திருக்கிறது. மூன்றாம் பக்கம் 2603. இருபது ஆண்களின் பெயர்களுக்கு எதிரில் ஒரே நாளிலிருந்து வெறும் கோடு. நான்காம் பக்கத்தில் 1946. இருபதில் மூன்று பெயர்களே திரும்பி வந்திருக்கின்றன, மற்ற வரிகளில் புதுப் பெயர்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்டு 1943 அக்டோபரில் முடிந்த சயாம் ரயில்பாதையைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டதைப் பாட்டன்மார் சொல்லக் கேட்ட நம் வாசகர்களுக்கு அந்தக் கோடே போதும். கேட்டிராதவர் கோட்டுக்குக் காரணம் தேடித் தோட்டத்துக்குள் நடப்பார்.

பெயர்ப் பட்டியல் ஒன்றே ஒரு கேமைத் தாங்கும் என்பதற்கு லூகஸ் போப் 2018-இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்’ சாட்சி. காணாமல்போய் 1807-இல் ஆளில்லாமல் திரும்பிவந்த ஒரு கப்பல். அதில் இருந்த 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் கண்டறிய வேண்டும். கையில் உள்ளது பெயர், பணி, பிறந்த நாடு ஆகியவை மட்டும் கொண்ட பட்டியலும், சில ஓவியங்களும், இறந்த கணங்களைக் காட்டும் ஒரு கடிகாரமும்தான். பட்டியலில் இந்திய மாலுமிகளும் உண்டு. கம்பெனிக்கு அந்த 60 பேரும் இழப்பீட்டுக் கணக்கின் வரிகள். விளையாடுபவர் அவர்களை மனிதர்களாக்குகிறார்.

அடுத்து மொழி. தோட்டக் கணக்கைக் கிராணி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஜப்பானிய அதிகாரியின் அறிவிப்பு வேறு தொனியில் இருக்கும். லயத்து வீட்டுக் கடிதம் தமிழில் இருக்கும். எழுதத் தெரியாத பெண் ஒருத்தி, எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதுவித்த கடிதத்தை முயன்று பாருங்கள். அவள் சொல்வது பேச்சுமொழி, அவர் எழுதுவது ‘நலம், நலமறிய ஆவல்’ என்னும் நடை. இடையே அவர் சேர்த்துக்கொண்ட ஒரு புத்திமதி. அவர் எழுத மறுத்துவிட்டதால் கடிதத்தில் வராமல் போனது என்ன என்பதை வேறொரு காகிதத்தில் காட்டலாம். எல்லாக் கடிதங்களும் உங்கள் நடையிலேயே அழகாக இருந்தால், லயத்தில் நீங்கள் ஒருவர்தான் குடியிருக்கிறீர்கள் என்று பொருளாகிவிடும்.

2023-இல் வெளிவந்த ‘வெண்பா’வையும் விளையாடிப் பாருங்கள், கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை, ஒரே மாலையில் முடிந்துவிடும். தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருப்பதால், இட்லிக்கும் புட்டுக்கும் விடுபட்ட படிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முழுமையாக இருந்திருந்தால் அது வெறும் செய்முறை. எந்த வரி அழிந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்ததில்தான் எழுதியவரின் திறமை இருக்கிறது. உங்கள் செக்ரோலையும் கறையான் எந்த இடத்தில் அரித்திருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

செலவு குறைகிறது என்பதற்காக மனிதர்களே இல்லாமல் காகிதங்களை மட்டும் வைத்துவிடாதீர்கள். பெரிய முதலீட்டில் 2018-இல் வந்த ‘ஃபால்அவுட் 76’ அதைச் செய்து பார்த்தது. உரையாட உயிருள்ள மனிதக் கதாபாத்திரங்கள் இல்லாமல் ஒலிநாடாக்களும் கணினிப் பதிவுகளுமே கதை சொன்னன. கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2020 ஏப்ரலில் மனிதர்களைச் சேர்த்தார்கள். உங்கள் லயத்தில் ஒரு கிழவியாவது திண்ணையில் அமர்ந்திருக்கட்டும். அவள் செக்ரோலில் உள்ளதற்கு மாறாக எதையாவது சொல்லட்டும்.

ஒரு காகிதம் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். உருட்டிப் படிக்க வைத்தால் பாதிப் பேர் உருட்ட மாட்டார்கள். அலுவலகம் ஒன்றிலேயே பத்தைக் குவிக்காமல், நடந்துபோகும் வழியில் இடைவெளிவிட்டு வையுங்கள். எழுதி முடித்த பிறகு தோட்டத்தில் கிராணியாகவோ, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராகவோ வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப்பிடித்து வாசித்துக் காட்டுங்கள். வேலைப் பத்தியில் எந்தச் சொல் வரும், அரைநாள் வந்தவருக்கு எப்படிக் குறி போடுவார்கள் என்பதை அவர் உடனே திருத்துவார். காலனிய கால அரசுக் கோப்புகளின் தோற்றமும் எழுத்துநடையும் வேண்டுமானால் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமான ஆர்கிப் நெகாராவில் பார்க்கலாம். கேம் முடிந்ததும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். இந்தப் பகுதியில் அறிவிக்கிறோம்.